உப்பு எங்கே போகும்?

போன ஏப்ரலில் மொட்டை மாடியில் ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து இரண்டு கேன் கடல்நீர் பிடித்து வந்தேன். முதல் அமைப்பு ரொம்ப சாதாரணம். கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் கடல்நீர், மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. இரண்டாவது கொஞ்சம் புத்திசாலித்தனமானது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரு டப்பில் கடல்நீர், அதில் மிதக்கும் தெர்மாகோல், அதன்மேல் விரித்த கறுப்புப் பருத்தித் துணி. துணியின் இரண்டு ஓரங்களும் தண்ணீருக்குள் தொங்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி துணி தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். வெயில் மொத்தத் தண்ணீரையும் சூடாக்க வேண்டாம், துணியில் இருக்கும் ஈரத்தை மட்டும் சூடாக்கினால் போதும். அதற்கும் ஒரு கண்ணாடி மூடி.

முதல் நாள் துணிதான் ஜெயித்தது. கண்ணாடியில் வழிந்து சேர்ந்த நல்ல தண்ணீர் தாம்பாளத்தில் கிடைத்ததைவிட அதிகம். மூன்றாம் நாள் துணியின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஐந்தாம் நாள் பாதித் துணி வெள்ளை. பழைய வீட்டுச் சுவரில் உப்பு பூக்கும் இல்லையா, அதே மாதிரி. அதற்குப் பிறகு துணியில் தண்ணீர் ஏறவும் இல்லை, வெள்ளையாகிவிட்டதால் வெயிலை வாங்கவும் இல்லை. தாம்பாளம் மட்டும் எந்த அலட்டலும் இல்லாமல் தன் வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

கோடை வந்தால் நமக்கெல்லாம் ஒரு செய்தி கண்ணில் படும்: சூரிய ஒளியை வைத்தே கடல்நீரைக் குடிநீராக்கும் புதிய பொருள் கண்டுபிடிப்பு. கூடவே 'உப்பு படியாது' என்று ஒரு வரி இருக்கும். நான் அந்த வரியைப் பெரிசாகக் கவனித்ததில்லை. துணி வெள்ளையான பிறகுதான் அதுதான் மொத்தச் செய்தியே என்று உறைத்தது. வெயிலில் தண்ணீரை ஆவியாக்குவது ஒரு பெரிய காரியமே இல்லை. ஆவியான பிறகு மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது? நூற்றைம்பது வருஷமாக இந்தத் துறை திரும்பத் திரும்ப முட்டிக்கொள்வது இந்த ஒரு கேள்வியில்தான். அந்தக் கதையைத் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் ஒரு சொல். இந்தக் கருவியை ஆங்கிலத்தில் சோலார் ஸ்டில் என்பார்கள். சித்த மருத்துவத்தில் மூலிகைகளைக் காய்ச்சித் தீநீர் இறக்கும் பாத்திரத்துக்கு 'வாலை' என்று பெயர். வேலை அதேதான்: சூடாக்கு, ஆவியாக்கு, குளிர்வித்துப் பிடி. அதனால் இதைச் சூரிய வாலை என்றே எழுதுகிறேன்.

பாலைவனத்தில் 64 பாத்திகள்

கடல்நீர் ஆவியானால் அந்த ஆவி நல்ல தண்ணீராகவே திரும்பும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் அதைப் பெரிய அளவில் செய்து, வருஷக்கணக்கில் ஓட்டிக் காட்டிய முதல் இடம் கடற்கரையில்கூட இல்லை. இன்றைய சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்ற ஊர். வருஷம் 1872.

அங்கே வெடியுப்புச் சுரங்கம் இருந்தது. வெட்டியதை இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள் இருந்தன. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. கிணறு தோண்டினால் வந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 140 கிராம் உப்பு. கடல்நீரில் 35 கிராம்தான். அதாவது கடலைவிட நான்கு மடங்கு உப்பான கிணறு!

சார்லஸ் வில்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் அங்கே ஒரு சூரிய வாலையைக் கட்டினார். மரத்தால் செய்த 64 நீளப் பாத்திகள். ஒவ்வொன்றும் 61 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். மொத்தம் சுமார் 4,450 சதுர மீட்டர். மேலே கூரை மாதிரி சாய்த்த கண்ணாடி. பாத்தியின் அடிப்பலகைக்கு லாக்வுட் என்ற மரத்தின் சாயத்தையும் படிகாரத்தையும் சேர்த்துக் கறுப்பேற்றியிருந்தார்கள். இன்றைய ஆய்வுக்கூடங்கள் கிராஃபீன், கார்பன் நுண்குழாய் என்று போடுகிற கறுப்புக்கு முப்பாட்டன் இந்தச் சாயம்தான்.

நல்ல வெயில் நாளில் 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கிடைத்தது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர். இன்றைக்கு ஒரு சாதாரண சூரிய வாலை தருவதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஜோசையா ஹார்டிங் என்ற பொறியாளர் 1883இல் இதைப் பற்றி விரிவாக எழுதியதால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது. ஏறக்குறைய 40 வருஷம் ஓடியது என்கிறார்கள்.

இங்கே நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 140 கிராம் உப்புள்ள நீரிலிருந்து ஒரே நாளில் 22,000 லிட்டர் நல்ல நீரை எடுத்தால், பின்னால் நிற்கும் உப்பு 3 டன்னுக்கும் மேல். ஒரு நாளைக்கு! அது பாத்தியிலேயே தங்கியிருந்தால் ஒரே வாரத்தில் அந்த ஆலை தண்ணீர் எடுக்கும் இடமாக இருக்காது, உப்பளமாகியிருக்கும். ஓடியது என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். செறிந்த நீரை வடித்துவிட்டு, புதுநீர் பாய்ச்சி, உப்பை அலசி வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதாவது அந்த ஆலையின் உப்பு எதிர்ப்புத் தொழில்நுட்பம் பலகையும் சாயமும் அல்ல. நிறையத் தண்ணீரும், அதைத் திறந்துவிட்டு மூடிய ஆட்களின் கைகளும்தான்.

உப்பளக்காரர் பார்வையில்

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள். அவர்களுக்கு உப்பு வேண்டும், ஆவி போனால் போகட்டும். பாத்தி பாத்தியாக நீரை மாற்றி, கருவியை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் தொடங்கும். சுண்ணாம்பு முதலில் படியும், பிறகு ஜிப்சம், 25 டிகிரியை ஒட்டித்தான் சாப்பாட்டு உப்பு விளையும். அந்த நிலைக்கு வருவதற்குள் நீரில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகியிருக்கும்.

இதைக் கேட்டால் சூரிய வாலைக்காரருக்கு நிம்மதியாக இருக்கும். பாதி நீரை எடுத்துக்கொண்டு மீதியைக் கடலிலேயே விட்டுவிட்டால் உப்பு படியவே படியாதே! தாம்பாள வகை வாலைகளுக்கு இது உண்மைதான். பத்து சென்டிமீட்டர் ஆழ நீர் என்றால் சதுர மீட்டருக்கு 100 லிட்டர், அதில் மூன்றரைக் கிலோ உப்பு. தினமும் 4 லிட்டர் ஆவியாக்கி, அதே 4 லிட்டர் கடல்நீரை ஊற்றினால் சேரும் உப்பு 140 கிராம். உப்பின் அளவு இரண்டு மடங்காக 25 நாள் ஆகும். அதற்குள் ஒருமுறை வடித்துவிட்டால் போயிற்று. ஆழமான நீர் உப்பைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் அதே ஆழம்தான் வாலையின் பலவீனமும்கூட. காலையில் விழும் வெயில் முழுக்க அந்த 100 லிட்டரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அடி வழியாகவும் பக்கம் வழியாகவும் வெப்பம் கசியும். வேகம் வேண்டுமென்றால் தண்ணீரை மெல்லிசாக்க வேண்டும். மெல்லிசாக்கினால் உப்பைத் தாங்க நீர் இல்லை. இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு வரும் எல்லாமே இதன் மறுபதிப்புதான்.

மரியா டெல்கெஷின் பை

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போன மரியா டெல்கெஷ், எம்.ஐ.டி.யில் சூரிய ஆற்றல் ஆய்வு செய்தவர். இரண்டாம் உலகப்போரின்போது, கப்பல் மூழ்கியோ விமானம் விழுந்தோ உயிர்காப்புப் படகில் தத்தளிப்பவர்களுக்காக ஒரு சூரிய வாலையை உருவாக்கினார். ஊதிப் பெரிதாக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பை, உள்ளே நீரை உறிஞ்சும் கறுப்பு விரிப்பு. கடல்நீரில் ஊறிய விரிப்பு வெயிலில் ஆவி விடும், பையின் சுவரில் குளிர்ந்த நீர் கீழே சேரும். நாளுக்குச் சுமார் ஒரு லிட்டர். படகில் இருப்பவருக்கு அது உயிர்.

என் மாடித் துணியும் அவருடைய விரிப்பும் ஒரே குடும்பம்தான். விரிப்பில் உப்பு சேருமே என்றால், சேரும்தான். ஆனால் அந்தப் பைக்கு ஆயுள் சில நாள், சில வாரம் போதும். கப்பல் வரும்வரை தாங்கினால் அதன் வேலை முடிந்தது.

பிரச்சினை போருக்குப் பிறகு வந்தது. இதே திரி யோசனையை ஊருக்குத் தண்ணீர் தரும் ஆலையாக மாற்ற நினைத்தார்கள். சாய்வான பலகையில் கறுப்புத் துணியை விரித்து, மேலிருந்து சொட்டுச் சொட்டாக உப்புநீரை இறக்கும் சாய்திரி வாலையை டெல்கெஷ் 1950களில் ஆராய்ந்தார். தாம்பாளத்தைவிட நன்றாகவே நீர் தந்தது. ஆனால் துணியில் எங்காவது ஒரு இடம் காய்ந்தால் அங்கே உப்பு உட்காரும். உப்பு உட்கார்ந்த இடத்தில் நீர் ஏறாது, அதனால் அது இன்னும் காயும். இதைத் தவிர்க்க, ஆவியாகும் அளவைவிட நிறையக் கூடுதலாக நீரை ஓடவிட்டு, துணியைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஓடும் நீர் வெப்பத்தையும் கூடவே எடுத்துப்போகும். உப்பை விரட்டினால் சூடும் போகிறது.

கிரேக்கத் தீவுகளும் பாவ்நகரும்

1960களில் ஒரு பெரிய நம்பிக்கை அலை எழுந்தது. அமெரிக்க அரசு உப்புநீர் ஆய்வுக்கென்றே ஒரு அலுவலகம் வைத்து, ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் விதவிதமான வாலைகளைச் சோதித்தது. கிரேக்கத்தின் வறண்ட தீவுகளில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1964இல் சிமி தீவில் 2,686 சதுர மீட்டர், 1967இல் பட்மோஸ் தீவில் 8,600 சதுர மீட்டர். ஆஸ்திரேலியாவின் கூபர் பெடி சுரங்க ஊரில் 1966இல் ஒன்று.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கிரேக்கத்தில் முதலில் கட்டிய சிமி, ஏகினா, சலாமிஸ் ஆலைகளுக்குப் பிளாஸ்டிக் படலம்தான் கூரை. 1967 முதல் வந்த பட்மோஸ், கிமோலோஸ், நிசிரோஸ் எல்லாம் கண்ணாடி. மலிவான, லேசான, புதிய பொருளில் தொடங்கி, கனமான பழைய கண்ணாடிக்கே திரும்பியிருக்கிறார்கள். உப்புக் காற்று, கடும் வெயில், தீவுக் காற்றின் வேகம் மூன்றையும் ஒன்றாகத் தாங்க வேண்டும் என்றால் 'புதிய பொருள்' என்பது மட்டும் தகுதி ஆகாது.

நம் நாட்டிலும் இது நடந்தது. குஜராத்தின் பாவ்நகரில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது. பெயரிலேயே உப்பு இருக்கிறது! 1965இல் அங்கே 377 சதுர மீட்டர் கண்ணாடி வாலை இருந்தது. 1978இல் பக்கத்து அவானியா கிராமத்தில் சுமார் 1,870 சதுர மீட்டரில் ஒன்று, நாளுக்கு 5,000 லிட்டர் அளவுக்கு. உப்பு எடுப்பதற்கென்றே உருவான நிறுவனம் உப்பில்லாத நீரையும் எடுத்தது.

பிறகு ஏன் நம் கடற்கரையெல்லாம் சூரிய வாலைகள் இல்லை? ஆர்.ஓ. வந்துவிட்டது, அவ்வளவுதான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன சௌரிராஜனும் சேர்ந்து 1960 வாக்கில் செய்த செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு, நீரை ஆவியாக்காமலே உப்பைப் பிரித்தது. இன்றைய நல்ல ஆர்.ஓ. ஆலை 1,000 லிட்டர் கடல்நீரைச் சுத்திகரிக்க 3, 4 யூனிட் மின்சாரம் எடுக்கும். அதே 1,000 லிட்டரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். வெயில் இலவசம்தான். அதைப் பிடிக்கிற நிலமும் கண்ணாடியும் இலவசம் இல்லையே.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். சதுர மீட்டருக்கு 4 லிட்டர் தரும் சூரிய வாலையால் அதைச் செய்ய 25 சதுர கிலோமீட்டர் கண்ணாடி வேண்டும். ஆகவே பெரு நகரத்துக்கு இது தீர்வு இல்லை. ஆனால் மின்கம்பி போகாத தீவு, புயலில் எல்லாம் போன மீனவர் குப்பம், நாலு வீடு மட்டும் உள்ள உப்பளக் குடியிருப்பு? அங்கெல்லாம் தேவை 10 கோடி லிட்டர் இல்லை, வீட்டுக்கு இருபது லிட்டர். பழைய கேள்வி அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

கறுப்புப் பஞ்சு திரும்பி வந்தது

2014இல் எம்.ஐ.டி.யில் காங் சென் தலைமையிலான குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. ஹாடி கசேமி முதல் ஆசிரியர். நுண்ணலை அடுப்பில் வைத்துப் பொரிபோலப் பொரித்த கிராஃபைட் செதில்கள் மேல் அடுக்கு, துளைகள் நிறைந்த கார்பன் நுரை கீழ் அடுக்கு. இந்தப் பஞ்சு தண்ணீரில் மிதக்கும். மேல் அடுக்கு வெயிலை வாங்கும், கீழ் அடுக்கு வெப்பத்தைக் கீழே விடாது, துளைகள் வழியாக நீர் மட்டும் ஏறும். பத்து மடங்கு குவித்த வெயிலில், விழுந்த ஆற்றலில் 85 சதவீதம் நீராவியானது. 2016இல் அதே குழு, பொட்டலம் கட்டும் குமிழித் தாளை மேலே மூடி, வெயிலைக் குவிக்காமலே 100 டிகிரி நீராவி எடுத்தது.

உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இதில் குதித்தன. கார்பனாக்கிய மரம், காளான், துணி, ஜெல், எதைச் சொன்னாலும் அதில் ஒரு கட்டுரை இருக்கும். எல்லோரும் சொல்லும் எண் ஒன்று: நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கிலோ. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் என்றால், ஆவியாக்கும் வெப்பத்தை மீண்டும் பயன்படுத்தாதவரை, மணிக்கு ஒன்றரை லிட்டர்தான் உச்சம். நல்ல பொருள்கள் 1.2, 1.3ஐத் தொட்டன.

சரி, மணிக்கு 1.2 லிட்டர் கடல்நீர் ஆவியானால் எவ்வளவு உப்பு மிஞ்சும்? 42 கிராம். ஆறு மணி நேர நல்ல வெயிலில் சதுர மீட்டருக்குக் கால் கிலோ. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பஞ்சில் கால் கிலோ உப்பு! என் துணி எப்படி வெள்ளையானது என்று இப்போது புரிகிறதா?

உப்பு கீழே கடலுக்கே இறங்கிப் போகாதா என்று கேட்கலாம். போகும், ஆனால் ரொம்ப மெதுவாக. அசையாத நீரில் உப்பு தானாக விரவி ஒரு சென்டிமீட்டர் தூரம் போக எட்டொன்பது மணி நேரம் ஆகும். அதே ஒரு சென்டிமீட்டரை வெப்பம் ஆறு நிமிஷத்தில் கடந்துவிடும். ஏறத்தாழ நூறு மடங்கு வேகம். இங்கேதான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. உப்பு இறங்க ஒரு வழி திறந்தால், அதே வழியில் வெப்பம் முந்திக்கொண்டு இறங்கிவிடும். வெப்பத்தை அடைத்தால் உப்பும் அடைபடும். டெல்கெஷின் சாய்திரியில் பார்த்த அதே இழுபறி, இப்போது மில்லிமீட்டர் அளவில்.

நாலு வழிகள்

இதிலிருந்து தப்பிக்க என்னென்ன செய்தார்கள்? நான் படித்ததில் நாலு விதமாகப் பிரிக்கலாம்.

முதல் வழி, மேல் அடுக்கை நனையாமல் வைப்பது. 2018இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் இரண்டு அடுக்குப் படலம் ஒன்று செய்தார்கள். மேலே வெயில் வாங்கும் கறுப்பு அடுக்கு, தாமரை இலை மாதிரி நீர் ஒட்டாது. கீழ் அடுக்கு நீரை உறிஞ்சும். ஆவி மேல் அடுக்கைத் தாண்டிப் போகும், உப்பு கீழ் அடுக்கு நீரிலேயே கரைந்து நிற்கும். இரு பக்கமும் இரு குணம் இருப்பதால் இரு முகம் கொண்ட ரோமானியத் தெய்வத்தின் பெயரால் ஜேனஸ் படலம் என்கிறார்கள்.

இரண்டாவது, உப்பு இறங்கத் தனிச் சாலை போடுவது. 2019இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூ குழு ஒரு மரத்துண்டில் வரிசையாக மில்லிமீட்டர் அளவுத் துளைகள் போட்டது. மரத்தின் இயற்கையான நுண்குழாய்களில் நீர் வேகமாக ஆவியாகி உப்பு செறியும். பெரிய துளைகளில் நீர் நிறைய இருப்பதால் உப்பு குறைவு. பக்கச் சுவர் வழியாக உப்பு சின்னக் குழாயிலிருந்து பெரிய துளைக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கும். 20 சதவீத உப்புக் கரைசலில் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியது. 2018இல் எம்.ஐ.டி. குழு இதையே மலிவாக, தெர்மாகோலும் துணியும் வைத்துச் செய்திருந்தது. பொருள்களின் செலவு சதுர மீட்டருக்கு 3 டாலர், நாளுக்கு இரண்டரை லிட்டர் குடிநீர். என் அமைப்புக்கு அதுதான் மூலம். உப்பு இறங்கும் திரிகளை அவர்கள் கணக்குப் போட்டு வைத்தார்கள், நான் கண்ணால் பார்த்து வைத்தேன். வித்தியாசம் ஐந்து நாளில் தெரிந்துவிட்டது.

மூன்றாவது, உப்பு வரட்டும், ஆனால் நான் சொல்லும் இடத்தில் வரட்டும் என்பது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஒரு வட்டமான கறுப்புத் தாளின் நடுவில் பருத்தி நூல் வழியாக நீரை ஏற்றினார்கள். நீர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவும்போது ஆவியாகிக்கொண்டே போகும். உப்பு ஓரத்தில் மட்டும் விளைந்து உதிரும், நடுப்பகுதி கறுப்பாகவே இருக்கும். தண்ணீரும் கிடைக்கும், உப்பும் கிடைக்கும். தூத்துக்குடிக்காரர் இதைப் பார்த்தால் தலையாட்டுவார்.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. திரியையே தூக்கிப் போடுவது. 2022இல் எம்.ஐ.டி.யில் லெனன் ஜாங், ஈவலின் வாங் குழு, பஞ்சும் துணியும் இல்லாமல், துளையிட்ட மிதக்கும் தகட்டின் மேல் மெல்லிய நீரடுக்கை நிற்கவைத்தது. துளைகள் இரண்டரை மில்லிமீட்டர். மேலே உப்பு செறிந்தால் அந்த நீர் கனமாகும், கனமான நீர் துளை வழியாகத் தானே கீழே விழும், லேசான நீர் மேலே வரும். உப்பு மெதுவாக விரவிப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீரோட்டமே தூக்கிப் போய்விடும். தகடு வெப்பத்தைத் தடுக்கும், துளை உப்பை விடும். 80 சதவீதத்துக்கு மேல் திறன். 2023இல் ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பெருங்கடலில் வெப்பமும் உப்பும் நீரைச் சுழற்றுவதுபோல, பெட்டிக்குள்ளேயே நீர் சுழலும் பல அடுக்கு வாலையைச் செய்தார்கள். ஒரு அடுக்கில் ஆவி குளிரும்போது விடும் வெப்பம் அடுத்த அடுக்கைச் சூடாக்கும். சின்ன சூட்கேஸ் அளவில் செய்தால் மணிக்கு 4 முதல் 6 லிட்டர் என்பது அவர்கள் கணிப்பு.

நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. 'உப்பை எதிர்க்கும் பொருள்' என்ற பெயரே கொஞ்சம் தப்பு. இவை எதுவும் உப்பை எதிர்க்கவில்லை. உப்பு போக வழி விடுகின்றன. லாஸ் சலினாஸில் ஆட்கள் மதகைத் திறந்து செய்த வேலையை, இரண்டரை மில்லிமீட்டர் துளை ஆளில்லாமல் செய்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. ஆள் இல்லாத தீவில், பராமரிப்புக்கு யாரும் வராத குப்பத்தில், தானே கழுவிக்கொள்ளும் கருவிக்கும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டிய கருவிக்கும் நடுவே இருப்பது, கருவி ஓடுமா மூலையில் கிடக்குமா என்ற வித்தியாசம்.

100 மணி நேரமும் 40 வருஷமும்

ஆனாலும் என் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. மரத்துண்டு 100 மணி நேரம் ஓடியது என்பது நல்ல ஆய்வு முடிவு. சாயம் பூசிய பலகை ஏறக்குறைய 40 வருஷம் ஓடியது. முதல் எண் மணிக்கணக்கில், இரண்டாவது வருஷக்கணக்கில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் சுத்தமான சாப்பாட்டு உப்பைக் கரைத்து வைத்துத்தான் சோதிப்பார்கள். நிஜக் கடலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் இருக்கின்றன. அவை சாப்பாட்டு உப்புக்கு ரொம்ப முன்னாடியே படியும், படிந்தால் சாதாரணமாகக் கரையாது. நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கு நினைவிருக்கிறதா, அந்த ஜாதி. பாசி வேறு பிடிக்கும். கண்ணாடி மேல் தூசி விழும், காக்காய் எச்சமிடும். இன்னொன்று, நிறையக் கட்டுரைகளில் சொல்லும் 'மணிக்கு 1.3 கிலோ' என்பது திறந்த வெளியில் ஆவியான அளவு. கண்ணாடியை மூடி, குளிர்வித்து, பாட்டிலில் பிடித்த தண்ணீர் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குடிக்க முடிவது பாட்டிலில் இருப்பது மட்டும்தான்.

அதனால் அடுத்த தடவை அந்த மாதிரிச் செய்தி வந்தால் நான் மூன்று விஷயம் தேடிப் பார்க்கப் போகிறேன். எத்தனை நாள் ஓடியது? ஆவியான அளவைச் சொல்கிறார்களா, பிடித்த தண்ணீரைச் சொல்கிறார்களா? உப்பு எங்கே போனது, அதை யார் கழுவினார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால் மீதியைப் படிக்கலாம்.

மாடித் துணிக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. ஆறாம் நாள் மாலை கண்ணாடியை எடுத்துவிட்டு, துணியை அப்படியே தண்ணீருக்குள் அமுக்கி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் துணி மறுபடியும் கறுப்பு. 2020இல் எம்.ஐ.டி.யும் ஷாங்காய்க் குழுவும் சேர்ந்து செய்த பத்து அடுக்கு வாலையும் இதே தத்துவம்தான். பகலில் சேர்ந்த உப்பு ராத்திரியில் தானே கரைந்து திரும்பிவிடும். அவர்களுடையது யாரும் தொடாமலே அதைச் செய்கிறது. என்னுடையதற்கு மாலை ஆறு மணிக்கு ஒரு ஆள் மாடி ஏற வேண்டியிருக்கிறது. இந்தக் கோடையில் தெர்மாகோலில் நாலு துளை போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.